சான்சி ஏற்றம்

செப்டம்பர் 9
ஸ்கூட்டர் பெட்டி வந்துவிட்டது. இரும்புச் சட்டத்துக்கு மேல் அட்டை சுற்றி, லாரிக்காரர் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். முன்சக்கரம், கண்ணாடி, பேட்டரி எல்லாம் தனித்தனி. தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிய நட்டுகளில் பாதி விரலாலேயே சுழன்றன. ஒவ்வொன்றையும் கழற்றி, மரையில் நீலப் பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி முடுக்கினேன். இரவு பதினொன்று ஆகிவிட்டது.

ஊரில் இருக்கும் மனைவிக்கு விசா நேர்காணல் தேதி வரவில்லை.

செப்டம்பர் 10
பெட்ரோல் குழாய்களை முதலில் மாற்றினேன். இங்கே அமெரிக்காவில் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், மட்டமான ரப்பருக்கு அது ஆகாது. கிக்கரில் நாலாவது உதைக்குப் பிடித்துக்கொண்டது. சத்தத்தைப் பதிவு செய்து அவளுக்கு அனுப்பினேன். "ரெண்டு பேர் போகலாமா?" என்று கேட்டாள். 150 சிசிதான். போகலாம் என்றேன்.

செப்டம்பர் 14
வாபாஷ் ஆற்றுப் பாலம் தாண்டி ஸ்டேட் தெருவில் ஏறினால் பல்கலைக்கழகம் வரைக்கும் மேடு. சான்சி ஏற்றம் என்பார்கள். வண்டி பாதியில் திணறி 18 மைல் வேகத்துக்கு இறங்கிவிட்டது. நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த கார் ஹார்ன் அடிக்கவில்லை, பொறுமையாகவே வந்தது. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

செப்டம்பர் 15
மழை. தேதி இல்லை.

செப்டம்பர் 20
இன்று முழுக்க வண்டியோடுதான் இருந்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். புகை விதிகளுக்காக கார்புரேட்டரை அப்படி வைத்து, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைப் பித்தளை மூடியால் அடைத்துவிடுகிறார்கள். மூடியை மெல்லத் துளைத்து எடுத்தேன். சீவல் உள்ளே விழுந்துவிடுமோ என்று கை நடுங்கியது. ஸ்க்ரூவை இரண்டரைச் சுற்று திறந்தபோது ஐடிலிங் சட்டென்று சமன்பட்டது.

அப்புறம் டேப்பெட், அதாவது வால்வுகளின் இடைவெளி. எஞ்சின் நன்றாக ஆறின பிறகுதான் பார்க்க வேண்டும். ஃபிளைவீலில் பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி என்ற குறியை நேராக வைத்து 0.1 மி.மீ. தகட்டை நுழைத்துப் பார்த்தேன். இன்டேக்கில் போனது. எக்ஸாஸ்டில் நுழையவே இல்லை. வால்வு முழுசாக மூடாமல் இத்தனை நாள் ஓடியிருக்கிறது, பாவம். தகடு வெண்ணெயில் கத்தி போல இழுபடும் வரைக்கும் தளர்த்திப் பூட்டினேன். நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிவிடுகிறது. மூன்று தடவை செய்த பிறகுதான் நின்றது.

விரலில் கார்புரேட்டர் வாசனை போகவில்லை. அதோடேயே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 23
அழுதாள். அவளுக்கு அப்புறம் மனு போட்ட பெண்ணுக்குத் தேதி கிடைத்துவிட்டதாம். என்ன சொல்வது என்று தெரியாமல் ஹெல்மெட் அளவு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தையல் டேப் எடுத்து வந்து அளந்தாள். 54 செ.மீ.

செப்டம்பர் 30
ரோலர் வந்தது. வேரியேட்டருக்குள் இருக்கும் ஆறு உருளைகள்தான் இந்த வண்டிக்கு கியர். சுழலும்போது வெளியே ஒதுங்கி பெல்ட்டை மேலே தள்ளும். கனமாக இருந்தால் சீக்கிரமே தள்ளிவிடும், மேட்டில் இழுவை இருக்காது. இருந்தது 13 கிராம், போட்டது 11. எஞ்சின் இப்போது கொஞ்சம் கத்துகிறது, ஆனால் மேட்டில் விடுவதில்லை.

அக்டோபர் 7
அவள் 53 கிலோ. 40 பவுண்டு அரிசி மூட்டை மூன்று சேர்ந்தால் 54. என்னிடம் ஒன்றுதான் இருந்தது, கீழ்வீட்டுத் தெலுங்குப் பையன்கள் இரண்டு கொடுத்தார்கள், எதற்கு என்று கேட்கவே இல்லை. இரண்டைப் பின்சீட்டில் கயிற்றால் கட்டினேன், ஒன்று கால் வைக்கும் இடத்தில். ஞாயிறு காலை ஆறரைக்கு ஸ்டேட் தெருவில் ஆளில்லை. பாலத்தின் மேலேயே ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிவிட்டேன்.

27 மைல். உச்சி வரைக்கும் 27!

வண்டியை ஓரம் கட்டிவிட்டு மூட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அக்டோபர் 8
ஹெல்மெட் வந்தது. சிவப்பு. சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 12
தேதி இல்லை.

அக்டோபர் 13
இல்லை.

அக்டோபர் 19
காலையில் 38 டிகிரி ஃபாரன்ஹீட். பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக் சூடாகிற வரைக்கும் சரியாக இருக்கிறது, அப்புறம் சிக்னலில் நின்றால் அணைகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி, அதனால் பெட்ரோல் மறுபடி போதவில்லை. ஸ்க்ரூவை இன்னும் கால் சுற்று திறந்து பார்க்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.