எடுத்துவிட்ட ஆறு புள்ளிகள்

"சார், வளையறது சாம்பிளா, தெர்மாமீட்டரா?"

ரொம்பக் குளிர்ந்த இடத்தில் வரைபடக் கோடு வளைந்ததைப் பார்த்து மாணவன் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. "மக்கா, 2.5 கெல்வினுக்குக் கீழ உள்ள ஆறு புள்ளியையும் எடுத்துரு, கோடு நேரா வரும்" என்று மட்டும் சொன்னேன். வந்தது.

அலுமினியம், பல்லேடியம், ரீனியம் மூன்றும் உலோகம். மூன்றும் கூடிக் குவாசிபடிகமானால், அதாவது அணுக்கள் ஒழுங்காக, ஆனால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வராமல் அடுக்கிய படிகமானால், குளிரக் குளிர மின்தடை ஏறுகிறது. எங்கள் துண்டில் 300 கெல்வினில் 0.5 ஓம், 4.2-இல் 30 ஓம்.

நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 100 மைக்ரோஆம்பியர் விட்டால் துண்டுக்குள்ளேயே 0.3 மைக்ரோவாட் சூடு. சில்வர் பேஸ்ட் ஒட்டிய முனைகளின் சூடு தனி. 1.5 கெல்வினில் அந்தச் சூடு வெளியேற வழி குறைவு. தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும், துண்டு இறங்காது. தடை ஏறாமல் தட்டையாகும். நாங்கள் பார்த்ததும் அதுதான்.

ஆனால் கரண்டைப் பத்தில் ஒன்றாக்கினால் சூடு நூறில் ஒன்றாகும். வோல்டேஜ் 3 மில்லிவோல்ட்டிலிருந்து 0.3-க்கு இறங்கும், சின்ன சிக்னலைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் கருவி அதைச் சுலபமாக எடுக்கும். தடை மாறாவிட்டால் தட்டை துண்டுடையது. பத்து நிமிட வேலை. குளிர்விக்கிற திரவ ஹீலியத்துக்குக் கொடுத்த நேரம் முடிந்து நாகர்கோவில் வந்து சேர்ந்த பிறகுதான் இந்தப் பேச்சே நடந்தது.

அந்த நேர்கோடும் அவ்வளவு பெரிய சாட்சி இல்லை. எலக்ட்ரான் இடம்விட்டு இடம் தாவி மின்சாரம் கடத்துகிறது என்பது இயற்பியலாளர் மாட் (Mott) சொன்ன தாவல் கடத்தல். அதைச் சோதிக்க வெப்பநிலையின் மைனஸ் கால் அடுக்கை அச்சில் போடுகிறோம். 10 கெல்வினிலிருந்து 2.5 வரை போனாலும் அச்சில் 0.56 முதல் 0.80 வரைதான் நகர்கிறோம். அந்தச் சின்ன இடத்தில் மைனஸ் அரை அடுக்கைப் போட்டாலும் கோடு நேராகத்தான் தெரியும். இந்தக் கலவையில் கடத்துதிறன் பூஜ்யத்துக்குப் போகாமல் நின்றுவிடுவதாகவும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஒற்றைப் படிகத்தில் தடை இவ்வளவு மடங்கு ஏறுவதே இல்லை. அப்படியானால் நான் எடுக்கச் சொன்ன ஆறு புள்ளிதானோ விஷயம்?

திரும்ப அளக்கலாம். மின்வில்லில் (ஆர்க்) உருக்கிய கட்டியில் நுண்துளை அதிகம். நம்ம ஊர் மழைக்காற்றில் ஈரம் ஏறும். ராத்திரி முழுக்க ஓவன் அடுப்பில் காயவைக்காமல் பேஸ்ட் வைத்தால் குளிரும்போது முனை விட்டுவிடும். இருந்தாலும் செய்யலாம்.

அந்த ஆறு அளவும் அவன் நோட்டில் பென்சிலில் இருக்கின்றன. கரண்டுக்கு ஒரே ஒரு பத்திதான் (column) போட்டிருக்கிறான்: 100.