முத்திரையில் தெரியாதது

அந்தக் காளையை வெட்டுக்கு விற்கும்படி அண்ணனிடம் நான் சொன்னது தப்பு என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அண்ணன் மாடு வளர்ப்பவர், நான் வெட்டுக்கூடத்தில் கறிக்குத் தர முத்திரை குத்துபவன். வால் முடியை வேரோடு பிடுங்கி அனுப்பி வாங்கிய மரபணு அறிக்கையை அவர் என்னிடம் நீட்டினார். பிராமன் என்ற திமில் மாட்டினத்தின் கலப்பு, மூன்று வயது. தென்னாப்பிரிக்காவின் டோங்காட் பக்கத்து வெக்கைக்கும் உண்ணிக்கும் அசராத மாடு. ஆனால் கால்பெயின், கால்பாஸ்டாட்டின் இரண்டு மரபணுவிலும் சாதகமில்லாத வடிவம். "கறி முரடாத்தான் இருக்கும் அண்ணே" என்றேன். அவர் வீட்டில் மாட்டுக்கறி ஏறாது, எனக்கும் பழக்கமில்லை. இருவரும் வாயில் வைக்காத ஒன்றின் மென்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.

விளக்கத்தில் பிழை இல்லை. மாட்டை வெட்டிய பிறகும் தசைக்குள் கால்பெயின் வேலை செய்யும். குளிர் அறையில் தொங்கும் நாட்களில் நாரை மெல்ல மெல்ல அறுத்துக் கறியை மிருதுவாக்கும். கால்பாஸ்டாட்டின் அதற்குக் கடிவாளம். திமில் மாடுகளில் பொதுவாக இந்தக் கடிவாளம் இறுக்கம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அது நீ குத்துற முத்திரையில தெரியுமா தம்பி?"

"தெரியாது அண்ணே."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "நாளைக்கு அதையும் பார்ப்பாங்க" என்று சேர்த்தேன். யார், எப்போது என்று அவர் கேட்கவில்லை.

நான் பார்ப்பது பல்லும் கொழுப்பும்தான். நிலைப்பல் ஒன்றும் இல்லையென்றால் ஏ, ஊதா மை. இரண்டு வரை ஏபி, பச்சை. ஆறு வரை பி, பழுப்பு. அதற்கு மேல் சி, சிவப்பு. கொழுப்புக்கு 0 முதல் 6 வரை எண். இளசு என்றால் மிருது என்ற ஊகம் ஊதாவுக்குள் இருக்கிறதே தவிர, கால்பெயினுக்கென்று தனி மை இல்லை. அண்ணனுக்கு விலை கிடைப்பதும் இந்த முத்திரைக்குத்தான்.

காளை என் வரிசைக்கே வந்தது. வாயைப் பிளந்து எண்ணினேன், நாலு பல். பழுப்பு உருளையை நானே உருட்டினேன்.

அறிக்கை பொய் சொல்லவில்லை. மென்மையில் அந்த இரண்டு மரபணுவின் பங்கு கொஞ்சம்தான். வெட்டுக்கு முன் மாடு மிரண்டதா, உடல் எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, எத்தனை நாள் தொங்கியது, எல்லாம் சேர்ந்துதான் கறி. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளை ஜாதகம் மாதிரி வாசித்தேன். படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்திருக்கலாம்.

அதன் கன்றுகள் ஐந்தை அடுத்த வருடம் கொண்டுவந்தார். ஐந்தும் ஏ2, நல்ல எடை. தாய் போன்ஸ்மாரா என்ற கறி மாட்டினம், பாதி அந்தப் பக்கத்துக் கொடை என்று மனதுக்குள் வாதாடினேன். கடித்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி அண்ணன் சொன்னார்: "இதுங்க அப்பன் மாதிரி இன்னொண்ணு எங்கேயாவது இருந்தா சொல்லு தம்பி."