ரெண்டு பைசா வட்டியும் ஒன்பது சதவீதமும்

எட்டாம் வகுப்புக் கணக்கில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடம். சதவீதம், தள்ளுபடி, கூட்டு வட்டி எல்லாம் அதில் வரும். சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மார்க் வாங்கிவிடுவார்கள். ஆனால் "பேங்கில் நகைக்கடன் 9 சதவீதம், ஊரில் ரெண்டு பைசா வட்டி, எது குறைவு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு ஊர்க்கடனுக்குத்தான் கை தூக்கும். ஒன்பதைவிட ரெண்டு சின்னதுதானே சார்!

பேங்க் சொல்வது வருஷக் கணக்கு. ஊரில் சொல்வது ரூபாய்க்கு ரெண்டு பைசா, அதுவும் மாதத்துக்கு. நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24. "அப்போ மூணு பைசான்னா 36-ஆ சார்?" என்று யாராவது மெதுவாகக் கேட்பார்கள். அது யார் வீட்டுக் கடன் என்று நான் விசாரிப்பதில்லை. பலகையில் 'ஒருவர்' என்று எழுதிக் கணக்கைத் தொடர்வேன்.

தண்டலுக்குத்தான் ஒரு பீரியட் முழுக்கப் போகும். பத்தாயிரம் கடன். முதலிலேயே ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு கையில் 9,000 தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வகுப்பே "10 சதவீதம்" என்று கத்தும். கைக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டால் 9,000-க்கு 1,000, அதாவது 11.11 என்று திருத்துவார்கள். போன வருஷம் ஒரு பெண் அதோடு விடவில்லை. "அம்பதாம் நாள்லயே பாதிப் பணத்தைக் கட்டியாச்சே சார், அப்புறம் முழுசுக்கும் எதுக்கு வட்டி?" இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. தினமும் கடன் கரைவதால், சராசரியாக நம் கையில் இருந்தது ஏறக்குறைய 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,000 வட்டி, 22 சதவீதம். வருஷத்துக்குத் தோராயமாக 80! வகுப்பில் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு ஆடித் தள்ளுபடி எல்லாம் சுலபம். 50 சதவீதமும் மேற்கொண்டு 20-ம் என்றால் 70 இல்லை, 60 என்று அவர்களே ஆயிரம் ரூபாய்ப் புடவையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜிஎஸ்டிதான் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. 18 சதவீத வரி சேர்த்து 118 ரூபாய் என்றால் அதில் வரி எவ்வளவு? 118-க்கே 18 சதவீதம் போட்டு 21.24 என்று இன்றைக்கும் நாலைந்து நோட்டில் இருந்தது. விலை 100, வரி 18. நாளைக்கு மறுபடியும் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.