டீசராமாவைத் துண்டு போட்டுப் பார்த்தேன்

மேடை நிகழ்ச்சிகளை அப்படியே கேமராவில் பிடித்த பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பது கொஞ்ச காலமாக எனக்கு ஒரு பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்தது ‘டீசராமா’. 1955இல் நியூயார்க்கில் இர்விங் கிளா எடுத்த பர்லெஸ்க் படம், அதுவும் கலரில். பர்லெஸ்க் என்றால் காமெடியும், உடையை மெதுவாகக் களைகிற ஆட்டமும் கலந்த அமெரிக்க மேடை நிகழ்ச்சி. கதை என்று ஒன்றும் கிடையாது. ஒரு ஆட்டம், ஒரு காமெடி, மறுபடி ஆட்டம் என்று எழுபது நிமிடம் போல ஓடும்.

முழுசாக உட்கார்ந்து பார்த்தால் தூக்கம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒரு திரைச்சீலை. அசையாத கேமரா. ஆடுகிறவர் இந்தப் பக்கம் நடப்பார், அந்தப் பக்கம் நடப்பார், நீளக் கையுறை மெதுவாகக் கழலும். பாதி வருவதற்குள் கை தானாகப் போனைத் தேடுகிறது. கிளுகிளுப்பு தேடி வருகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான். இப்போது டிவியில் வரும் சோப்பு விளம்பரம் இதைவிடத் தாராளம்.

சரி என்று எடிட்டிங் சாப்ட்வேரில் போட்டு, ஆட்டம் ஆட்டமாக வெட்டித் தனித்தனி ஃபைலாக வைத்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அவ்வளவுதான். அப்படிப் பார்க்கும்போது அதே ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. யோசித்தால் நியாயம்தான். தியேட்டரில் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விசில், கூச்சல், பேண்ட் வாத்தியம், இடைவேளையில் மிட்டாய் விற்கிற ஆளின் வாய்ஜாலம் எல்லாம் இருக்கும். கிளா அதையெல்லாம் விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் வரிசையாக அடுக்கிவிட்டார்.

அந்தக் குறை பளிச்சென்று தெரிவது காமெடியில். ஜோ ஈ. ராஸும் டேவ் ஸ்டாரும் வருகிறார்கள். பர்லெஸ்க் காமெடியில் இரண்டு பேர் வேண்டும்: நேராகப் பேசுகிறவர் ஒருவர், எல்லாவற்றையும் கோணலாகப் புரிந்துகொள்கிறவர் இன்னொருவர். ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த அபாட்–காஸ்டெல்லோ ஜோடியும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். ஜோக்கு பழசு, பாதி முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆனால் ராஸின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஜோக்கே தேவையில்லை. 1961இல் தொடங்கிய ‘கார் 54, வேர் ஆர் யூ?’ டிவி தொடரில் போலீஸ்காரராக வந்து வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆனார்.

படத்தின் பெரிய பெயர் டெம்பெஸ்ட் ஸ்டார்ம். சிவந்த கூந்தல், எண்பது வயதிலும் மேடை ஏறியவர், 2021இல்தான் காலமானார். அவருடைய அறைக்காட்சியில் பணிப்பெண்ணாக வருகிறவர் அந்தக் காலத்துக் கவர்ச்சிப் பட மாடல் பெட்டி பேஜ். ஸ்டார்முக்கு அலங்காரம் நடக்க நடக்க, பேஜ் துணியை எடுத்துக் கொடுப்பதும் சரிசெய்வதுமாக இருக்கிறார். படத்தில் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது இதைத்தான். பேஜ் பெரிய ஆட்டக்காரி இல்லை. ஆனால் விளையாட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி அவர் சிரிக்கும்போது மற்றவர்கள் எல்லாம் வேலை பார்ப்பதுபோல் தோன்றிவிடுகிறது.

பள்ளி ஆண்டு விழாக்களுக்கு டான்ஸ் டிரஸ் தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கவுன்கள் நன்றாகத் தெரிகிற இடங்களாகப் பொறுக்கி அவரிடம் காட்டினேன். சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு கவுனின் இடுப்புப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஜிப் வெச்சிருக்க மாட்டாங்க தம்பி. நடு மேடையில சிக்கிக்கிட்டா மானம் போயிடும். சைடுல ஹூக்குதான். கழட்டுற கை எங்க போகுதுன்னு பாருங்க, அங்கதான் கடைசி ஹூக்கு.”

அதற்குப் பிறகு நான் கையைத்தான் பார்க்கிறேன். முதலில் அலுப்பூட்டிய அந்த நடை எல்லாம் விரல் ஹூக்கைத் தேடுவதற்கு நேரம் வாங்குகிற நடையாகத் தெரிகிறது. தலையிலிருந்து கால்வரை ஒரே ஃபிரேமில் பிடித்திருப்பதும் இங்கே கைகொடுக்கிறது. குளோஸ்அப்பாக வெட்டித் தள்ளியிருந்தால் இந்தத் தொழில் சூட்சுமம் எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

ஏன் இப்படி எடுத்தார்கள் என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 1937இல் மேயர் லாகார்டியா காலத்தில் நியூயார்க் பர்லெஸ்க் அரங்குகளுக்கு லைசென்ஸைப் புதுப்பிக்காமல் இழுத்து மூடினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் மட்டும் ஆட்டம் தொடர்ந்தது. கிளா சினிமா நட்சத்திரங்களின் போட்டோ விற்றுக்கொண்டிருந்த வியாபாரி. மேடை மூடியிருந்த ஊரில் அதைப் படச்சுருளில் விற்றார். படம் வந்த அதே வருடம், சிறுவர் குற்றங்களை ஆராய்ந்த அமெரிக்க செனட்டர் கெஃபாவரின் துணைக்குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. பின்னாளில் தன்னிடம் இருந்த நெகட்டிவ்களில் பெரும்பகுதியை அவரே அழித்தார். அதனால் பேஜ் கலரில் அசைகிற இந்தக் காட்சிகளுக்கு அந்தக் காலத்தில் இல்லாத மதிப்பு இப்போது இருக்கிறது.

இப்போதைக்கு அரைமணி நேரத்துக்குள் அடங்குகிற என் சொந்த வரிசை ஒன்று தயார்: முதலில் ராஸ், பிறகு அறைக்காட்சி, கவுன் நன்றாகத் தெரிகிற ஆட்டங்கள் சில, முடிவில் மறுபடி ராஸ். கையுறை கழற்றுவதிலேயே காலத்தை ஓட்டுகிற ஆட்டங்களை எடுத்துவிட்டேன். அடுத்தது கிளா அதற்கு முந்தைய வருடம் எடுத்த ‘வரைட்டீஸ்’. அதில் இன்னொரு பர்லெஸ்க் நட்சத்திரமான லிலி செயின்ட் சிர் ஆடுகிறார். அக்காவும் ஒரு காப்பி கேட்டிருக்கிறார், சத்தம் இல்லாமல்.