எட்டிக்கொட்டையும் ஆறு நாள் நடையும்

ஹட்டன் டவுனில் பழைய பேப்பரை நிறுத்து விற்கும் கடையொன்றில், வடை சுற்றுவதற்காகக் கட்டி வைத்திருந்த பத்திரிகைகளுக்கு அடியில், பீட்டர் லவ்சியின் ‘வொபிள் டு டெத்’ என்ற துப்பறியும் நாவல் கிடைத்தது. நூறு ரூபாதான். ஆனால் மலைநாட்டு ஈரம் எனக்கு முன்பே அதற்குள் புகுந்திருந்ததால், ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்களைக் கேத்தல் ஆவியில் பிடித்துச் சவர பிளேட்டால் மெல்லப் பிரிக்க வேண்டியிருந்தது.

1970இல் வெளியான இது லவ்சியின் முதல் நாவல். தொலைதூர ஓட்டக்காரர்களின் வரலாற்றை 1968இலேயே நூலாக எழுதியவர் என்பதால், விளையாட்டைப் பற்றிய விவரங்கள் கதையில் எங்கும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

கதை நடப்பது 1879இல், லண்டன் இஸ்லிங்டனில், கால்நடைக் கண்காட்சிகளுக்காகக் கட்டப்பட்ட விவசாய மண்டபத்தில். திங்கட்கிழமை அதிகாலையில் புறப்படுபவர்கள் நடந்தோ ஓடியோ சனிக்கிழமை இரவு வரை அந்த மண்டபத்துக்குள்ளேயே சுற்றி வர வேண்டும். அதிக மைல் கடந்தவருக்கே வெற்றி. இது கற்பனைப் பந்தயமன்று. அதே மண்டபத்தில் 1878இல் டேனியல் ஓ'லியரி ஆறு நாட்களில் 520 மைல் கடந்தார். களைத்துத் தள்ளாடும் கால்களை வைத்தே இப்பந்தயங்களை ‘வொபிள்’ என்று கேலியாக அழைத்தார்கள். (அதே காலத்தில் தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நூறு மைலுக்கும் மேலாகக் காடு வழியே நடந்து வந்த எங்கள் முன்னோருக்குப் பந்தயம் கட்ட ஆளிருக்கவில்லை என்ற நினைப்பு, படிக்கும்போதெல்லாம் குறுக்கே வந்தது.)

வெற்றி பெறுவார் என்று எல்லாரும் நம்பிய சார்ள்ஸ் டாரல் வலிப்புக் கண்டு இறக்கிறார். கொப்புளம் உடைந்த பாதத்தின் வழியே ஏற்புவலி (டெட்டனஸ்) தொற்றியிருக்கலாம் என்பது முதல் எண்ணம். பிறகுதான் அது ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சின் வேலை என்று தெரிகிறது. இரண்டுக்கும் உடல் வில்லாய் வளைந்து விறைக்கும் என்பதால் அந்தக் குழப்பம் நியாயமானதே. நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அக்காலத்தில் பயிற்சியாளர்கள் ஸ்ட்ரிக்னினை மிகச் சிறிய அளவில் ஊக்கமருந்தாகவே கொடுத்து வந்தார்கள். 1904 சென் லூயிஸ் ஒலிம்பிக் மரதனில் வென்ற தோமஸ் ஹிக்ஸுக்குக்கூட ஓட்டத்தின் நடுவே முட்டை வெள்ளைக்கருவோடு அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நஞ்சு எப்படி உள்ளே போனது என்பதைவிட, அளவு எப்படிக் கூடியது என்பதே வழக்கை விசாரிக்கும் சார்ஜன்ட் கிரிப் அவிழ்க்க வேண்டிய முடிச்சாகிறது. ஸ்ட்ரிக்னின் எடுக்கப்படுவது எட்டிக்கொட்டையிலிருந்து. ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று சிறுவயதில் ஒப்பித்த நமக்கு அந்தக் கசப்பு புதிதன்று.

ஒருவர் செத்த பிறகும் நுழைவுச்சீட்டுப் பணத்துக்காகப் பந்தயம் நிற்பதில்லை. விசாரணை நடக்க நடக்க மற்றவர்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சலிப்பூட்டும் வட்டத்தையே லவ்சி பதற்றமாக்கிவிடுகிறார். பெண் பாத்திரங்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

எனக்கு முன் இதைப் படித்த யாரோ ஒருவர், நடுப்பகுதியில் ஒரு பெயரின் கீழ் பென்சிலால் கோடிட்டு ‘இவன்தான்’ என்று எழுதியிருந்தார். கடைசி அத்தியாயத்தைப் படித்தபோது, அவரும் என்னைப் போலவே தவறான ஆளைப் பிடித்திருந்தது தெரிந்தது.