போஸ்டிங் வரும் வரை

நவம்பர் 4, 2024, திங்கள்

லெட்டர் வரவில்லை. லேப் டெக்னீஷியன் படிக்கும் எங்களை ஆஸ்பத்திரிக்கோ லேபுக்கோ பயிற்சிக்கு அனுப்பும் போஸ்டிங் லெட்டர். தீபாவளி லீவு முடிந்து இன்று முதல் நாள். ஆபீஸ் ஜன்னலில் கேட்டால் ஹெச்ஓடியைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஹெச்ஓடி மேடம், "நாங்க அனுப்பியாச்சும்மா, அங்கேருந்து பதில் வரணும்" என்கிறார். அங்கே என்றால் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.

இரண்டு ஆஸ்பத்திரிக்கும் மூன்று லேபுக்கும் போயிருக்கிறதாம். நாங்கள் இருபத்திரண்டு பேர்.

நவம்பர் 6, புதன்

அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 212.

நவம்பர் 9, சனி

என்னோடு படிக்கும் நெல்லிக்குப்பத்துக்காரி காலையிலேயே போனை நீட்டினாள். பிரதமர் பெயரில் வந்திருக்கிற இன்டர்ன்ஷிப் திட்டம். பெரிய கம்பெனிகளில் ஒரு வருஷம், மாதம் 5000, சேரும்போது ஒரு தடவை 6000. எனக்குக் கை நடுங்கியது. 5000 வந்தால் அம்மாவின் மாத்திரைக்கும் என் பஸ்ஸுக்கும் போக மிச்சம் இருக்கும். கீழே போய்ப் படித்தோம். வயது 21 முதல் 24. முழுநேரம் படிப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. எனக்கு 19. இன்னும் ஏழு மாசப் படிப்பு இருக்கிறது.

மத்தியானம் சார் வகுப்பில் சொன்னார், இந்தியாவிலேயே முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் இதே புதுச்சேரியில்தான் தொடங்கியது, பல்கலைக்கழகம் தொடங்கியது என்று. கல்லூரிக்குப் போக வழியில்லாதவர்கள் ஒரு தொழிலைக் கையால் கற்றுக்கொண்டு நேராக வேலைக்குப் போகட்டும் என்பதுதான் நோக்கமாம். பாதிப் படிப்பு வகுப்பில், பாதி வேலை செய்யும் இடத்தில். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இன்னொரு பாதி எங்களுக்கு எங்கே கிடைக்கும்?

நவம்பர் 13, புதன்

பஸ்ஸில் கைகளைப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. கன்னியக்கோயிலில் ஏறிய அண்ணன் மேல் கம்பியைப் பிடித்து நின்றார். முழங்கை மடிப்பில் நரம்பு சணல் கயிறு மாதிரி. இப்படி ஒரு கை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ரத்தம் எடுக்கலாம். அவர் பக்கத்தில் ஒரு அம்மா, குண்டான கை, வளையல், ஒன்றுமே தெரியவில்லை. அந்த அம்மாவிடம் எப்படி எடுப்பேன்? தவளக்குப்பம் வரைக்கும் அதையே யோசித்தேன். அரியாங்குப்பத்தில் அந்த அம்மா இறங்கும்போது என்னைப் பார்த்து முறைத்தார்.

நாங்கள் இதுவரை குத்தியது ரப்பர் கை ஒன்றில்தான். ஒரே கை, இருபத்திரண்டு பேர். மூன்று பேட்ச் குத்திக் குத்தி அதில் ஓட்டையே வழி காட்டுகிறது. சிவப்பு மைத் தண்ணீர் தானாக வருகிறது.

நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். ரத்தம் பிடிக்கும் ட்யூப்களின் மூடி நிறம், எது முதலில் எது அடுத்து என்று தூக்கத்தில் கேட்டாலும் வரிசை சொல்வேன்.

நவம்பர் 18, திங்கள்

பதில் வந்தது. ஒரு லேப் நான்கு பேரை எடுத்துக்கொள்ளுமாம். ஆளுக்கு மாதம் 3000 கட்டவேண்டும். அவர்கள் தருவதில்லை, நாங்கள் தரவேண்டும். "ரீஏஜென்ட் கெமிக்கல் விலை இருக்கு, நீங்க வேஸ்ட் பண்ணுவீங்க" என்று போனில் சொன்னார்களாம்.

நான்கு இடமும் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஏசி கோர்ஸ் படிக்கும் பாகூர் பையன் கேன்டீனில் ஒரு விஷயம் சொன்னான். அவனுடைய அண்ணன் டிப்ளமோ முடித்து ஒரு லேபில் அப்ரண்டிஸாகப் போகிறான். அதற்கு 1961-லேயே சட்டம் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவருக்கு மாதம் குறைந்தது 8000, அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். எங்களுக்கு வரும் லெட்டரில் "இன்டர்ன்ஷிப் போஸ்டிங்" என்றுதான் இருக்கும். காலை ஆறரைக்குப் போய் நின்று, பெயர் எழுதி, ட்யூப் ஒட்டி, மெஷின் துடைப்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அந்த அண்ணன் படிப்பை முடித்துவிட்டான், நான் முடிக்கவில்லை என்பது புரிகிறது. அதற்காக நான் காசு கொடுத்து வேலை செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் 3000 பற்றி வாய் திறக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அம்மா தோட்டில் கை வைத்தாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன். அப்புறம் அழுதேன்.

நவம்பர் 21, வியாழன்

ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்ட அட்டை இல்லாமல் எந்த லேபும் உள்ளே விடாது என்று மேடம் இன்றைக்குத்தான் சொல்கிறார். மூன்று ஊசி. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. படிப்பில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தால் இந்நேரம் மூன்றும் முடிந்திருக்கும். இதற்குத்தான் எனக்குக் கோபம். சேருகிற அன்றைக்கே, புத்தகம் கொடுக்கும்போதே, ஊசியையும் போட்டு அனுப்பவேண்டும். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்காவது.

போட்டுக்கொண்டேன். இடது தோள் வலிக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

புயல் என்கிறார்கள். கல்லூரி லீவு. லெட்டர் வந்திருந்தாலும் இன்று யார் பார்ப்பார்கள்?

டிசம்பர் 1, ஞாயிறு

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல். கல்லூரி இருக்கும் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று குரூப்பில் படம் வந்தது. முதலில் எனக்குத் தோன்றியது, ஆபீஸ் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் எங்கள் ஃபைல். இவ்வளவு பேர் வீடு மூழ்கிக் கிடக்கும்போது அதைப் போய் நினைத்தேனே என்று அப்புறம் வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை நின்றது, தென்பெண்ணை ஆறு வந்துவிட்டது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்த தண்ணீர். குண்டு உப்பலவாடியிலிருந்து பெரியம்மா, பெரியப்பா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள். எங்கள் ஒரு ரூமில் ஒன்பது பேர். பெரியம்மா கையில் கொண்டுவந்தது ரேஷன் கார்டும் ஒரு தூக்குவாளியும்.

டிசம்பர் 5, வியாழன்

பள்ளிக்கூடத்தில் மெடிக்கல் கேம்ப். பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வயசுப் பெண்கள், நர்சிங் படிப்பவர்கள், ஐடி கார்டு மாட்டிக்கொண்டு பிரஷர் பார்த்தார்கள். வரிசை வெளியே தெரு வரைக்கும். நானும் உதவட்டுமா என்று கேட்டேன். "எங்கே போஸ்டிங்?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர். இன்னும் வரவில்லை என்றேன். "அப்ப வேண்டாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நல்லபடியாகத்தான் சொன்னார். நான் டோக்கன் எழுதிக் கொடுத்தேன்.

பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல நரம்பு அவருக்கு.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மா சட்டென்று கையை நீட்டி, "என் கையில குத்திப் பாரேன், யாரு கேக்கப் போறா" என்றாள். ஊசி இல்லை. இருந்தாலும் செய்யமாட்டேன், வீட்டில் யாரையும் குத்தக்கூடாது என்று சார் முதல் நாளே சத்தியம் வாங்கியிருக்கிறார். தாவணிக் கிழிசலைக் கட்டி விரலால் மட்டும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தம்பி பிறந்தபோது மூன்று இடத்தில் குத்தினார்களாம், ஒரு வாரம் கை கறுத்துக் கிடந்ததாம். அதைச் சொல்லும்போது அம்மா சிரித்தாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

வந்துவிட்டது!!

புதுச்சேரியில் ஒரு சின்ன லேப். நானும் நெல்லிக்குப்பத்துக்காரியும். கட்டணம் இல்லை, ஸ்டைபண்டும் இல்லை. மூன்று மாதம். காலை ஆறரைக்கு இருக்கவேண்டும். ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். பஸ்ஸுக்கே மாதம் ஆயிரத்துக்கு மேல் போகும், பரவாயில்லை.

டிசம்பர் 12, வியாழன்

லேபல் ஒட்டினேன். 64.

டிசம்பர் 17, செவ்வாய்

இங்கே இருக்கும் அக்காவுக்கு லேப் வேலையில் பதினோரு வருஷம். அவரும் சமுதாயக் கல்லூரியில் படித்தவர்தான். முதல் இரண்டு வாரம் ஊசியைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான் என்றார். பார்க்கிறேன். மேல்கையில் பட்டையைக் கட்டுவார், நோயாளியிடம் எந்த ஊர் என்று கேட்பார், அந்தப் பதில் முடிவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். பட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல் இருப்பதில்லை. கண்ணால் தேடுவதே இல்லை. ஆள்காட்டி விரலை மடிப்பில் வைத்து அமுக்கி அமுக்கி விடுகிறார், கதவைத் தட்டுவது மாதிரி. "தெரியற நரம்பு ஓடும். அமுங்கி எழும்பற நரம்புதான் நிக்கும்" என்றார். புத்தகத்தில் இது இருந்ததா? இருந்திருக்கும். நான் படித்தபோது ஏறவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஒருவருக்கு பொட்டாசியம் 15 என்று மெஷின் காட்டியது. கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. அக்கா பேப்பரைப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் இப்பதான் நடந்து வந்து நடந்து போனார்" என்றார். 15 இருந்தால் நடக்க முடியாது, இதயம் நின்றிருக்கும். விசாரித்தால், எங்களுக்கு முன்னால் வந்த டிரெய்னி ஒருவர், சிவப்பு ட்யூபில் ரத்தம் குறைவாக இருந்ததால் ஊதா ட்யூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார். ஊதாவில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ பொட்டாசிய உப்பு. அதுதான் பொட்டாசியத்தை ஏற்றி, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது.

நீலம் சிவப்பு பச்சை ஊதா சாம்பல். இத்தனை நாள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிவப்புக்கு அப்புறம் ஏன் ஊதா என்று இன்றைக்குத்தான் என் கைக்குப் புரிந்தது.

அவரைத் திரும்ப வரச்சொன்னார்கள். ஆட்டோவில் வந்தார், பாதி நாள் கூலி போயிருக்கும். அந்த டிரெய்னியை அக்கா திட்டவில்லை. உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். திட்டியிருந்தால் அடுத்த தடவை மறைப்பான். அக்கா மாதிரி ஒருவர் இல்லாத இடத்துக்குப் போன எங்கள் நான்கு பேரை நினைத்துக்கொண்டேன். 3000 கட்டிக்கொண்டு அங்கே இன்னும் பில் மட்டும்தான் போடுகிறார்களாம்.

டிசம்பர் 21, சனி

இரண்டாவது ஊசி. அட்டையை லேபில் காட்டினேன்.

டிசம்பர் 26, வியாழன்

சுனாமி வந்து இருபது வருஷம். அம்மா தேவனாம்பட்டினம் போய்க் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்தாள். எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 28, சனி

எடுத்தேன். ஆட்டோக்காரர், வலது கை, பஸ்ஸில் பார்த்த மாதிரி நரம்பு. ஊசி உள்ளே போனதும் ட்யூபில் ரத்தம் தானாக ஏறியது. ரப்பர் கையில் வரும் மைத் தண்ணீர் மாதிரி இல்லை, இது சூடு. ட்யூபைப் பிடித்திருந்த விரலில் அந்தச் சூடு தெரிந்தது. எட்டுத் தடவை தலைகீழாகத் திருப்பினேன், குலுக்கவில்லை. "முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிஞ்சுது அண்ணா.

டிசம்பர் 30, திங்கள்

ஒரு ஆயா. எழுபதுக்கு மேல். தோல் மெழுகுத்தாள் மாதிரி, நரம்பு நீலமாக மேலேயே தெரிந்தது. தெரிகிறதே என்று குத்திவிட்டேன். ஓடிவிட்டது. ஊசியை உள்ளேயே லேசாகத் திருப்பினேன், செய்யக்கூடாது என்று தெரிந்தும் திருப்பினேன். ஆயா "அய்யோ" என்றது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே குத்திய இடம் புஸ்ஸென்று எழும்பியது. அக்கா பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து என் விரலைப் பிடித்து அதன் மேல் அழுத்தினார். "ரெண்டு நிமிஷம் எடுக்காதே." அடுத்த கையில் அக்காவே எடுத்தார்.

போகும்போது ஆயா சொன்னது, "இனிமே அந்தப் பொண்ணுகிட்ட விடாதீங்கம்மா."

நியாயம்தான். ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா கை கறுத்துக் கிடந்தது என்று சொன்னது இதுதானா?

ஜனவரி 1, புதன்

விரலால் தேடு. விரலால் தேடு.

அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். இடது கையில், மடிப்புக்கு உள்பக்கம், ஆழத்தில், ஒன்று அமுங்கி எழும்புகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "இத்தனை வருஷம் அங்கேயா இருந்துச்சு" என்றாள்.

ஜனவரி 3, வெள்ளி

நாளைக்கு ஏழு பேர் வெறும் வயிற்றில் வருகிறார்கள். நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு வந்தபோது நான்காவது அந்த ஆயா. ரிப்பீட். அக்காவைப் பார்த்தேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் மெல்லிய நரம்புக்கு எடுக்கும் பட்டர்ஃபிளை ஊசி பாக்கெட் ஒன்றை என் ட்ரேயில் வைத்தார்.

அலாரம் நாலேகாலுக்கு.