காளையின் தோலுக்கு அடியில்

கணினியில் டைனோசரைச் செய்வதைவிடக் காளையைச் செய்வது கடினம் என்று நான் சொன்னால், புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நம்புவதில்லை. டைனோசரை நேரில் பார்த்தவர் எந்தத் திரையரங்கிலும் இல்லை. காளை அப்படியல்ல. நம் ஊர்த் திரையரங்கில், மூக்கணாங்கயிறு பிடித்துப் பழகிய கைகள் நிறையவே இருக்கும். எது தவறு என்று அவர்களால் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் ஏதோ தவறு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கணினி விலங்குகளுக்குத் தசையும் தோலும் அமைப்பது என் வேலை. சென்னையில் இந்த வேலை காளைக்காக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பயிற்சி கொடுத்துக் காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் மத்திய அரசு 2011 ஜூலையில் காளையையும் சேர்த்தது. 2017இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தால் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறந்தது. சினிமாவில் மட்டும் காளை பெரும்பாலும் கணினிக்குள்ளேயே தங்கிவிட்டது. திரையோரத்தில் ‘சி.ஜி.’ என்ற எழுத்தைப் பார்த்திருப்பீர்கள்.

வேலை தருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: “ஓடும்போது சதை நன்றாகக் குலுங்க வேண்டும்.” எனக்கு இதில் உடன்பாடில்லை. உழைக்கும் மாட்டின் உடம்பு இறுக்கமானது. அது குலுங்குவதைவிட வழுக்குவதுதான் அதிகம். எலும்பின் மேல் தசை வழுக்குகிறது, தசையின் மேல் தோல் வழுக்குகிறது. அந்த வழுக்கல் இல்லாமல் எவ்வளவு குலுக்கினாலும் அது ரப்பர் மாடுதான்.

வேகமான பழைய முறையில் தசையே கிடையாது. எலும்புக்கூடு அசையும்போது, தோலின் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்திலுள்ள எலும்புகளைப் பங்கு போட்டுக்கொண்டு பின்தொடரும். கணினி விளையாட்டுகளில் இன்றும் பெரும்பாலும் இதுதான். மூட்டை மடக்கினால் உள்பக்கம் சதை வற்றிப் போகும். காலைத் திருகினால் மிட்டாய்த் தாளை முறுக்கியதுபோல் நடுவில் இளைத்துவிடும். இதற்கு மருந்தாக, ஒவ்வொரு நிலைக்கும் திருத்திய வடிவம் ஒன்றைக் கையால் செதுக்கி வைத்து, எலும்பு அந்த நிலைக்கு வரும்போது கலந்துவிடும் முறையை லூயிஸ், கார்ட்னர், ஃபாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000இல் விளக்கினார்கள். நானும் அதில்தான் தொழில் கற்றேன். நிற்கும் மாட்டுக்கும் நடக்கும் மாட்டுக்கும் அது போதும். முட்டித் தள்ளும் மாட்டுக்குப் போதாது.

தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அழுத்தினால் அதன் கன அளவு குறையாது. நீளம் சுருங்கினால் பருமன் கூடியே ஆக வேண்டும். இந்த ஒரு விதியைக் கணினிக்குப் புரியவைக்கத்தான் இத்தனை கணிதமும். தசையைச் சிறு சிறு நான்முகிகளாக, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நார் ஓடும் திசையைக் குறித்து, எலும்பு இழுக்கும்போது எது எவ்வளவு எதிர்க்கிறது என்று ஃபிரேம் ஃபிரேமாகக் கணக்கிடுகிறோம். நியூசிலாந்தின் வெல்லிங்டனில் உள்ள வேட்டா என்ற திரை வரைகலை நிறுவனத்தார் ‘டிஷ்யூ’ என்ற பெயரில் இதை முழு அமைப்பாகக் கட்டினார்கள். 2013இல் அதற்கு ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

முன்னங்கால் மார்போடு சேரும் இடுக்கில்தான் கணக்கு அடிக்கடி உடையும். கால் முழுதாகப் பின்னால் போகும்போது, நசுங்கும் நான்முகிகள் உள்வெளியாகப் புரண்டு, சதை முள்முள்ளாகக் கிளம்பும். புரண்ட துண்டும் தானாகத் தன் வடிவத்துக்குத் திரும்பும்படியான சூத்திரம் ஒன்றைப் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்திலிருந்து ஸ்மித், டி கோஸ், கிம் மூவரும் 2018இல் வெளியிட்டார்கள். என் வேலையை அவ்வளவு இலகுவாக்கிய கட்டுரை வேறில்லை.

கணிதம் எல்லாருக்கும் பொது. காளையின் உடற்கூறு அப்படியல்ல. எங்களுக்குக் கிடைத்த மாட்டு உடற்கூறு வரைபடங்கள் ஐரோப்பிய மாடுகளுடையவை. அவற்றில் திமில் இல்லை. எனவே காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய், உரிமையாளரின் சம்மதத்தோடு காளையின் தோளில் சாக்பீஸால் புள்ளிகள் வைத்துப் படம்பிடித்தோம். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். வளர வளரச் சாம்பல் நிறமாகும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்துவிடும். அந்தக் கருமையில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டோடு எந்த மூட்டாலும் சேரவில்லை. உடம்பின் முன்பாதியே இரண்டு தோள்களுக்கு நடுவே தசைகளில் தொங்குகிறது. முன்னங்கால் தரையில் ஊன்றியதும் தோள்பட்டையின் மேல்நுனி முதுகை நோக்கி எழும்புகிறது. எங்கள் படத்தில் எலும்பு எழும்பி, சாக்பீஸ் புள்ளியைத் தாண்டி நாலு விரல் அகலம் போய்விட்டது. புள்ளி மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. அதாவது, எலும்பின் மேல் இருந்த தோல் இப்போது வேறொரு தசையின் மேல் இருக்கிறது. இதைப் பார்த்த பிறகு, தோலை எலும்போடு ஒட்டிவைத்து வேலை செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

திமிலுக்கு நான் முதலில் வைத்திருந்த கேள்வி, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. மாட்டுக்காரப் பெரியவர் வேறு இடத்தைக் காட்டினார். “திமிலைப் பார்க்காதீங்க தம்பி, காலைப் பாருங்க. கால் ஊன்றின பின்னாடிதான் திமில் வரும்.” திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். அவர் சொன்னதே சரி. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், குளம்பு ஊன்றிய இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துத் திமில் சாய்கிறது. அடுத்த கால் ஊன்றும்போது அது இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. திமில் வெறும் கொழுப்பு மூட்டை அல்ல. தோள்பட்டையை முதுகெலும்போடு கட்டும் தசை வளர்ந்து, கொழுப்போடு கலந்து உண்டானது. அதனால் அடிப்பாகத்துக்கு நார் வைத்து இறுக்கமாகவும் நுனிக்குக் கொழுப்பு வைத்துத் தளர்வாகவும் அமைத்தேன். தாமதத்தைக் கையால் வைக்க வேண்டிய தேவையே இல்லாமல் அது தானாக வந்தது.

கழுத்துக்கு அடியில் தொங்கும் தோலான அலைதாடியை ஓரளவு தடிமனுள்ள துணியாகக் கணக்கிட்டாலே சரியாக வந்துவிடுகிறது.

ஈ உட்காரும்போது மாடு தோலைச் சிலிர்க்குமே, அதுதான் எனக்கு மிகப் பிடித்த அசைவு. எலும்பும் பெருந்தசைகளும் சும்மா இருக்க, தோலோடு ஒட்டிய மெல்லிய தசைத்தகடு மட்டும் வெட்டென்று சுருங்கும். ஈ உட்கார்ந்த இடத்திலிருந்து அலை பரவி, விலாவில் ஓடி மறையும். எங்கள் அமைப்பில் தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவே அப்படி ஓர் அடுக்கே இல்லை. அதைத் தனியாகச் சேர்த்தேன். சிலிர்ப்பு தொடங்கும் இடத்தையும் நேரத்தையும் அனிமேட்டர் குறித்துக் கொடுப்பார். மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். கதைக்கு அது தேவையில்லை என்று முதலில் நீக்கச் சொன்ன இயக்குநர், காளை சும்மா நிற்கும் ஒரு ஷாட்டில் போட்டுக் காட்டியதும், நிற்கிற ஷாட்டுகள் எல்லாவற்றிலும் கேட்டார். கொடுத்தோம்.

இப்போது கையில் இருப்பது எருமை. திமில் கிடையாது, ரோமமும் அரிது. காளையின் ரோமம் மறைத்துத் தந்த சின்னச் சின்ன மடிப்பெல்லாம் எருமையின் கரிய தோலில் வெயில் பட்டதும் மின்னித் தெரியும். கழுத்து மடிப்புகளை இன்னும் நுண்ணிய வலையில், தனிக் கணக்காக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.